கேபிள் கட்டணமும் கூரை மேல் அன்ரனாவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கேபிள் தொலைக்காட்சிக் கட்டணம் மீண்டும் உயர்ந்திருப்பதால் அதற்கு உச்ச விலை நிர்ணயிக்கப்பட வேண்டுமெனத் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய மனக்குறை நியாயமானது. ஆயினும், மாதம் தவறாமல் பணம் கட்டினால்தான் வீட்டில் தொலைக்காட்சி பார்க்கலாம் என்பதை அவரும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டிருந்தமை எனக்கு வியப்பைத் தந்தது. நான் திருகோணமலை உவர்மலையில் வசிப்பவன். விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்றவன். சில ஆண்டுகளாக என் வீட்டில் கேபிள் இணைப்பு இல்லை. தொலைக்காட்சி மட்டும் இருக்கிறது, நாள்தோறும் ஓடுகிறது.

1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 பெப்ரவரி 15 இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கிய காலத்தில் இந்நாட்டில் கேபிள் என்ற சொல்லே எவருக்கும் தெரியாது. வானலையில் வந்ததை ஓர் அன்ரனா பிடித்துத் தந்தது, அவ்வளவுதான். அந்த வானலை இன்றும் நிற்கவில்லை. ரூபவாஹினிக் கூட்டுத்தாபனத்தின் நேத்ராவும், சுயாதீனத் தொலைக்காட்சியின் வசந்தமும், தனியார் துறையின் சக்தியும் தமிழில் எவரிடமும் சந்தா கேட்காமலே ஒளிபரப்பாகின்றன. இதை இளையவர்கள் அறியாமலிருப்பதில் குற்றமில்லை. என் பேரனுடன் விளையாட வந்த சிறுவன் ஒருவன் கூரையைக் காட்டி, அது காகம் குந்துவதற்காக வைத்ததா என்று கேட்டான். அவன் கேட்ட நேரத்தில் அதில் மூன்று காகங்கள் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் கேபிளை விட்டது கொள்கை காரணமாக அல்ல. 2020 டிசெம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தபோது எங்கள் ஒழுங்கையில் மரக்கிளை விழுந்து கேபிள் வயர் அறுந்தது. மின்சாரம் விரைவிலேயே திரும்பி வந்தது, கேபிள் வரவில்லை. வயர் வேலிக்கு மேலே தொங்கியபடி இருக்க, மாதமுடிவில் 1,100 ரூபா பற்றுச்சீட்டுடன் ஆள் மட்டும் தவறாமல் வந்தார். படமே வராத மாதத்துக்கு எதற்குப் பணம் என்று கேட்டேன். வயரைப் பார்ப்பது வேறு ஆட்கள், தனக்குத் தரப்பட்ட வேலை பணம் சேர்ப்பது மட்டுமே என்றார். அவர் மீது எனக்குக் கோபமில்லை, அவரும் சம்பளத்துக்கு வேலை செய்பவர். ஆனால் அன்று மாலையே களஞ்சிய அறையில் ஏணிக்குப் பின்னால் கிடந்த பழைய அன்ரனாவை வெளியே எடுத்துத் தூசி தட்டினேன். 1996 மார்ச் 17 இல் லாகூரில் இலங்கை அணி உலகக் கிண்ணத்தை வென்றதை எங்கள் ஒழுங்கை முழுவதும் ஒரே வீட்டு முற்றத்தில் கூடிப் பார்த்தது அந்த அன்ரனாவின் தயவில்தான்.

இனிச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டும். அன்ரனாவைப் பொருத்திப் பார்த்துவிட்டு ஒன்றும் வரவில்லை என்று சலித்துக் கைவிட்டவர்களே இந்நகரில் அதிகம் என்பதும், அவர்களில் பலர் மிகச் சிறிய காரணங்களாலேயே தோற்றார்கள் என்பதும் என் அனுபவம்.

தொலைக்காட்சி அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது, பூமியோ வளைந்தது. ஆகவே ஒளிபரப்புக் கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம்தான் அதன் பார்வை எட்டும். வன்னியில் 2011 இல் மீண்டும் எழுப்பப்பட்ட கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் 174 மீற்றர் உயரமானது. அந்த உயரத்திலிருந்து புறப்படும் அலை, சாதாரணமான ஒரு வீட்டு அன்ரனாவுக்கு அறுபது, எழுபது கிலோமீற்றர் வரை நன்றாகக் கிடைக்கும். திருகோணமலை நகரோ அங்கிருந்து நேர்கோட்டில் நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகாலை உச்சியிலிருந்து கணக்குப்படி இருநூறு கிலோமீற்றர் வரை பார்வை எட்ட வேண்டும். ஆனால் நமக்கும் அதற்கும் நடுவே நக்கிள்ஸ் மலைத்தொடர் குறுக்கிடுகிறது. எனவே பக்கத்து வீட்டுக்காரரின் அன்ரனா பார்க்கும் பக்கம் நம்முடையதையும் திருப்பிவிட்டால் போதும் என்பது சரிவராது. எந்த அலைவரிசையை எந்த நிலையத்திலிருந்து பிடிக்கிறோம் என்பதற்கேற்பத் திசை மாறும். நான் ஒருவரைத் தொலைக்காட்சிக்கு முன் இருத்தி, மேலே நின்று கம்பத்தைக் கைப்பிடியளவாகத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு அலைவரிசைக்கும் தெளிவான இடத்தைச் சுவரில் கரிக்கோடிட்டு வைத்தேன். அதற்கு ஒரு ஞாயிறு முழுவதும் சென்றது.

அடுத்தது கம்பிகளின் நீளம். 1920களில் யப்பானியப் பேராசிரியர்களான உடாவும் யாகியும் உருவாக்கிய அமைப்பைத்தான் இன்றும் நாம் கூரையில் வைத்திருக்கிறோம்: அலையை வாங்கும் ஒரு கம்பி, அதற்குப் பின்னால் ஒன்று, முன்னால் பல. வாங்கும் கம்பி அலைநீளத்தின் பாதியளவு இருக்க வேண்டும். 200 மெகாஹேர்ட்ஸ் அளவில் வரும் வீ.எச்.எப். ஒளிபரப்புக்கு அது முக்கால் மீற்றர்; 600 மெகாஹேர்ட்ஸ் அளவிலான யூ.எச்.எப். ஒளிபரப்புக்குக் கால் மீற்றர். கடையில் கைக்கு அடக்கமாகத் தெரிகிறதென்று குட்டைக் கம்பி அன்ரனாவை மட்டும் வாங்கி வந்து, வீ.எச்.எப். அலைவரிசை தெரியவில்லை என்று ஒளிபரப்பாளரைத் திட்டியவர்களை நான் அறிவேன். இரு வகைக் கம்பியும் சேர்ந்த அன்ரனாவைக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, நம் ஊருக்கே உரிய கடற்காற்று. அலுமினியமும் செம்பும் சந்திக்கும் முனையை ஒரே மாரியில் உப்பு தின்றுவிடும். பச்சை பூத்த அந்த முனையைச் சுரண்டித் துப்புரவாக்கி, பழைய சைக்கிள் ரியூப்பைப் பட்டியாக வெட்டி இறுகச் சுற்றிவிட்டால் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குக் கவலையில்லை. பலர் அலையைப் பெருக்கும் கருவியான பூஸ்ரரைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் வைக்கிறார்கள். அங்கே வைத்தால் வயரில் தேய்ந்து வந்த அலையோடு இரைச்சலும் சேர்ந்தே பெருகும். அது கம்பத்தில், அன்ரனாவுக்கு அருகில் இருக்க வேண்டும். ஒரே வயரை இரண்டாகப் பிரித்து இரு அறைகளுக்குக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் பாதிதான் போகும் என்பதும் மறக்கப்படுகிறது. குரங்குகளுக்கு மட்டும் நான் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. அவை பாயும் நாட்களில் திசை மாறிவிடுகிறது, கரிக்கோட்டைப் பார்த்து மறுபடி திருப்ப வேண்டியிருக்கிறது.

கம்பத்தை நிமிர்த்தும்போது மின்கம்பி எங்கே செல்கிறது என்று பார்க்காமல் எவரும் கூரையில் ஏறக் கூடாது. கம்பத்துக்கு நில இணைப்புக் கொடுத்திருந்தாலும், ஐப்பசி இடிமுழக்கக் காலத்தில் வயரைத் தொலைக்காட்சியிலிருந்து கழற்றிவிடுவதே நல்லது. இத்தனைக்கும் எனக்கு ஏற்பட்ட செலவு, புதிய வயரும் பூஸ்ரரும் சேர்ந்து, மூன்று மாதச் சந்தாவுக்குள் அடங்கியது. படம் எல்லா அலைவரிசையிலும் கண்ணாடி போலத் தெரிகிறது என்று நான் சொல்லவில்லை. ஒன்றில் புள்ளியடிக்கிறது, இன்னொன்றில் மனிதர்களுக்குப் பக்கத்தில் அவர்களுடைய நிழலும் நடக்கிறது. செய்தி வாசிப்பவரின் முகம் தெரிந்தால் எனக்குப் போதும்.

என் மனைவிக்கு அது போதவில்லை என்பதை மறைப்பது நேர்மையாகாது. இந்தியத் தமிழ் அலைவரிசைகளின் தொடர்கள் அன்ரனாவில் வரா. இரண்டு மாதம் வீட்டில் பேச்சுவார்த்தை சற்றுக் குறைந்திருந்தது. பிறகு அவர் சாம்பல்தீவிலுள்ள தங்கை வீட்டுக்குப் போகும் நாட்களில் விட்டதைப் பார்த்துக்கொள்ளப் பழகினார். கைபேசியில் பார்க்கலாமே என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். ஒரு மணி நேரக் காணொளி, நடுத்தரத் தரத்திலேயே, ஏறத்தாழ அரை ஜிகாபைற் டேற்றாவை விழுங்குகிறது. நாளுக்கு இரண்டு தொடர் என்றால் அதுவும் ஒரு சந்தாதான். பற்றுச்சீட்டு வேறு பெயரில் வருகிறது.

இந்திய அரச ஒளிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதி 2004 டிசெம்பரில் தொடங்கி நடத்தும் டிடி ஃப்ரீ டிஷ் சேவையைப் பலர் என்னிடம் விசாரித்திருக்கிறார்கள். அதற்கு மாதச் சந்தா இல்லை என்பது உண்மை. கிழக்கு நெடுங்கோடு 93.5 பாகையில் நிற்கும் ஜிசாற் 15 செய்மதியிலிருந்து அது வருகிறது. திருகோணமலையிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, கடல் பக்கமாக, ஏறத்தாழ உச்சி வானத்தில். ஆனால் அது இந்திய வீடுகளுக்காக அமைக்கப்பட்ட சேவை. அதில் ஹிந்தி அலைவரிசைகளே மிகுதி. தமிழில் டிடி தமிழ் உண்டு, நம்மவர்கள் தேடும் பெரிய தனியார் தொடர் அலைவரிசைகள் கட்டணப் பட்டியலில் இருப்பதால் அங்கே இல்லை. நம் மாவட்டத்து மழையும் வெள்ளமும் மின்தடையும் அதில் ஒருபோதும் செய்தியாகப் போவதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் பனை உயரக் கம்பம் நட்டுக் கொடைக்கானல் ஒளிபரப்பைப் பிடித்தார்கள். அது வேறு ஆசை, வேறு தேவை.

வெள்ளத்தையும் புயலையும் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. கேபிள் வயர் எங்கள் வீட்டை அடையும் வழியில் கம்பங்களிலுள்ள பெருக்கிகளுக்கு மின்சாரம் வேண்டும். எங்கள் வீட்டில் மின்சாரம் இருந்தும் நடுவில் ஓரிடத்தில் இல்லாவிட்டால் படம் நின்றுவிடும். அன்ரனாவுக்கு அந்தத் தொல்லை கிடையாது. 12 வோல்ற்றில் ஓடும் சிறிய தொலைக்காட்சியும் பூஸ்ரரும் ஒரு பற்றரியும் இருந்தால், ஊர் முழுவதும் இருளில் கிடக்கும்போதும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைக் காணலாம். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதியைக் கண்ட கரையோரத்தவர்களுக்கு இதன் பெறுமதியை நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கேதான் அரசாங்கத்திடம் கேட்க வேண்டிய கேள்வி வருகிறது. 2014 இல் இலங்கை, செய்மதியின்றிக் கோபுரங்களிலிருந்து வரும் டிஜிற்றல் தரை ஒளிபரப்புக்கு ஐ.எஸ்.டி.பி.–ரி எனப்படும் யப்பானிய முறையைத் தேர்ந்தெடுத்தது. ஒரு அலைவரிசை பிடித்திருக்கும் இடத்தில் பல நிகழ்ச்சிகள், புள்ளியும் நிழலும் இல்லாத படம், கைபேசியிலேயே பார்க்கும் வசதி ஆகியவற்றோடு, ஆபத்து நேரத்தில் தயார் நிலையிலுள்ள தொலைக்காட்சியைத் தானே இயக்கி எச்சரிக்கை காட்டும் ஏற்பாடும் அம்முறையில் உண்டு. சுனாமி அடித்த ஒரு கரைக்கு இதைவிடப் பொருத்தமான தொலைக்காட்சி இருக்க முடியாது. கொழும்பில் 350 மீற்றருக்கு மேல் உயர்ந்த தாமரைக் கோபுரமும் 2019 செப்ரெம்பரில் திறக்கப்பட்டது. ஒளிபரப்பு மட்டும் நம் கூரைகளை இன்னும் வந்தடையவில்லை. இதற்கிடையில் மக்கள் கடனுக்கும் தவணைக்கும் புதிய தொலைக்காட்சிகளை வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். உலகில் வேறு டிஜிற்றல் முறைகளும் பழக்கத்தில் இருப்பதால், இன்று வாங்கும் பெட்டி நாளை வரப்போகும் ஒளிபரப்பை ஏற்குமா என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை. நான் கேட்ட இரு கடைகளில் விற்பவருக்கும் தெரியவில்லை.

ஆகவே உச்ச விலை கேட்பதோடு நின்றுவிடாமல், இரண்டு விடயங்களையும் நாம் கேட்க வேண்டும் என்று கருதுகிறேன். திருகோணமலை நகர், கிண்ணியா, மூதூர், நிலாவெளி, தம்பலகாமம், கந்தளாய் ஆகிய இடங்களில் எந்த அலைவரிசை எந்த நிலையத்திலிருந்து, எந்த எண்ணில், எத்திசையில் கிடைக்கும் என்ற அட்டவணையை ஒளிபரப்பு நிறுவனங்கள் தமிழிலும் சிங்களத்திலும் பத்திரிகைகளில் வெளியிட வேண்டும். அரைப் பக்கத்துக்குள் அடங்கிவிடும் வேலை அது. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் சில கரிக்கோடுகளும் மிஞ்சியிருக்கும். மற்றது, விற்பனைக்கு வரும் ஒவ்வொரு தொலைக்காட்சியின் அட்டைப்பெட்டியிலும் அது எந்த டிஜிற்றல் முறையை ஏற்கும் என்பது மும்மொழியிலும் அச்சிடப்பட வேண்டும்.

இவற்றுக்குப் பதில் கிடைக்கும் வரை, வாசகர்கள் தங்கள் கூரையிலும் களஞ்சியத்திலும் உள்ள பழைய அன்ரனாக்களைப் பழைய இரும்பு வாங்க வருபவரிடம் நிறுத்துக் கொடுத்துவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். சென்ற மாதம் எங்கள் ஒழுங்கையில் மட்டும் இரண்டு போய்விட்டன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.