கீதாசாரமும் துரையின் முன் சைக்கிளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர்க் கோயிலொன்றில் அண்மையில் நடந்த சமயச் சொற்பொழிவில், 'கடமையைச் செய், பலனை எதிர்பாராதே' என்பதற்கு, கொடுத்த கூலியை வாங்கிக்கொண்டு வாய் திறவாமல் இருப்பதே என்று பொருள் சொல்லப்பட்டது. நாற்பது ஆண்டுகள் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய எனக்கு அது நெருடியது.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்து 47ஆம் சுலோகம், பலனில் பற்று வைக்காதே என்பதோடு நிற்கவில்லை. செயலற்றிருப்பதிலும் உனக்குப் பற்று வேண்டாம் என்றே முடிகிறது. வில்லை நழுவவிட்டுத் தேர்த்தட்டில் சாய்ந்துவிட்ட அருச்சுனனை எழுப்பி நிறுத்தத்தான் அந்த உபதேசமே. (வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கும் 'எது நடந்ததோ, அது நன்றாகவே நடந்தது' என்ற வாசகம் கீதையின் 700 சுலோகங்களில் எதிலும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

1941இல் மலாயாவின் கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த நம் பாட்டன்மார், சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளத்தோடு, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவும், துரையை, அதாவது வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகியைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கவும் கோரினார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, வேலைநிறுத்தத் தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். பலன் தங்கள் கைக்கு வருமா என்று கணக்குப் பார்த்திருந்தால், அவர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போயிருப்பார்கள்.

கோயில் நிர்வாகங்கள் அடுத்த முறை சொற்பொழிவாளரை அழைக்கும்போது, அந்தச் சுலோகத்தை நான்கு அடிகளும் முழுமையாக விளக்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
காப்பார், சிலாங்கூர்.