சைக்கிள் ஸ்டாண்டுல சைக்கிளே இல்ல மாப்ள

மாப்ள,

எப்படிடா இருக்க, முட்டி வலி கொறஞ்சுச்சா, தங்கச்சி சௌக்கியமா? போன் பண்ணா அஞ்சு நிமிஷத்துல வச்சுடுற, அதான் டைப் பண்றேன், டீ குடிச்சுக்கிட்டே பொறுமையா படி.

போன வாரம் திருச்சில ஒரு கல்யாணம். மாட்டுத்தாவணில வண்டிய விட்டுட்டு பஸ் ஏறலாம்னு போனா ஸ்டாண்டுல எடமே இல்ல. இன்னும் நாம அத சைக்கிள் ஸ்டாண்டுன்னுதான சொல்றோம், உள்ள ஒரு சைக்கிள் கெடையாதுடா, பூரா பைக்கு, ஸ்கூட்டி, எக்ஸ்எல்லு. ஒரு சந்துல சொருகிட்டு டோக்கன் வாங்கி வெளிய வர்றதுக்குள்ள ஒரு பஸ்ஸு கெளம்பிருச்சு. அடுத்த பஸ்ஸுக்கு நிக்கும்போதுதான் தோணுச்சு, இங்க நிக்கிற ஒவ்வொரு வண்டியும் ஒரு ஆள பஸ்ஸுக்கு கொண்டாந்து எறக்கி விட்டிருக்கு. அவன் ஊர்ல இருந்து நேரத்துக்கு டவுன் பஸ் இல்ல, அதான் சொந்த வண்டி. அப்ப அதுவும் பஸ் பயணத்துல ஒரு பாதிதானே? ஆனா கவர்மென்ட்ல பஸ் ஒரு ஃபைலு, டூவீலர் ஒரு ஃபைலு, ஸ்டாண்டு ஏலம் இன்னொரு ஃபைலு.

2018 ஞாபகம் இருக்கா? ஜனவரி 20ஆம் தேதி பஸ் டிக்கெட்ட ஒரேடியா ஏத்துனாங்க, காலேஜ் பசங்க ரோட்டுக்கு வந்ததும் கொஞ்சூண்டு கொறச்சாங்க. ஒரு மாசம் தாண்டி, பிப்ரவரி 24ல அம்மா ஸ்கூட்டர் திட்டம், வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு பாதி வெல, அதிகபட்சம் 25,000 ரூபா மானியம். அப்புறம் 2021 மே மாசம் டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட்டே வேணாம்னாங்க. ரெண்டுமே நல்ல திட்டம்தான், நா கொற சொல்லல, எங்க வீட்டம்மாவே வாரத்துல நாலு நாள் ஃப்ரீ பஸ்லதான் போறா. ஆனா ஸ்டாப்பு வரைக்கும் கொண்டு போயி விடுறது யாரு, நாந்தான், என் வண்டிதான்.

இதுல ஒரு கூத்து பாரு. டிவிஎஸ் கம்பெனி 1911ல ஆரம்பிச்சது, நம்ம மதுரைப் பக்கம் பஸ் ஓட்டித்தான வளந்தாங்க. 1972ல பஸ்ஸ அரசாங்கம் எடுத்துக்கிட்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஆக்குச்சு. 1980ல ஓசூர்ல இருந்து டிவிஎஸ் 50 வந்துச்சு. பஸ் போகாத சந்துக்கெல்லாம் அது போச்சு, உரமூட்ட, பால் கேன், பொண்டாட்டி, புள்ள எல்லாம் அதுலதான். உங்கப்பாரு வண்டில நாம மூணு பேரு போயி கீழ விழுந்தது மறக்குமா?

பெரியவ பெங்களூர்ல இருக்கால்ல, மெட்ரோ ஸ்டேஷன்ல இருந்து ஆபீசுக்கு பைக் டாக்சிலதான் போவா. 2025 ஜூன்ல அங்க கோர்ட்டு உத்தரவுனால அத நிறுத்திட்டாங்க, அரசாங்கம் அதுக்குன்னு ரூல்ஸ் போடாம ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க. ஒடனே ஆப்புல பைக் டாக்சிங்கற பேர எடுத்துட்டு பார்சல்னு போட்டாங்களாம், ஆளே பார்சலா புக் பண்ணிட்டு பின்னாடி ஏறி உக்காந்து போயிருக்காங்க! சிரிச்சு மாளல. கோவாவுல பாரு, மஞ்ச கருப்பு பெயிண்ட் அடிச்ச பைக்குல "பைலட்"னு சொல்லி பல வருஷமா லைசன்ஸோட ஓட்டுறாங்க. ஆட்டோக்காரங்க கோவத்துலயும் நியாயம் இருக்குடா, பர்மிட்டு, எஃப்சி, இன்சூரன்ஸ்னு அவங்க கட்டுறாங்க, வெள்ள போர்டு பைக்குக்காரன் பர்மிட்டுக்கு ஒன்னும் கட்டாம அதே சவாரிய ஏத்திட்டு போறான்.

அதுக்காக எல்லாரையும் பைக்குல ஏத்துன்னு சொல்ல வரல. 2022ல நாட்டுல ரோட்டுல செத்தது 1,68,491 பேரு, அதுல நூத்துக்கு 44 பேருக்கு மேல டூவீலர்ல போனவங்க. பஸ் பத்து நிமிஷத்துக்கு ஒன்னு வந்தா நானே வண்டிய வித்துருவேன். அது வர்ற வரைக்கும் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துல நெழலா ஒரு ஸ்டாண்டு, பஸ் பாசுலயே அதுக்கும் சேத்து காசு, பைக் டாக்சிக்கு ஒரு மஞ்ச போர்டு, இவ்ளோதான் நா கேக்குறது.

நீ தீபாவளிக்கு வர்றேல்ல? பஸ்லயே வா, மாட்டுத்தாவணில எறங்குனதும் போன் போடு. உனக்கும் சேத்து ஹெல்மெட் எடுத்துட்டு வரேன், வழுக்கைக்கு சைஸ் சரியா இருக்கும்.

உன் மாப்ள