கிரீப்பரும் உயிர்மெய்யும்: மஞ்சக்குப்பத்துத் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

மூன்றாம் வகுப்புப் பையன் மைன்கிராஃப்ட் என்ற கட்டை அடுக்கும் ஃபோன் விளையாட்டை விட்டு எழுந்திருப்பதில்லை, தமிழ் நோட்டைத் தொடுவதில்லை, அட்டையில் அதில் வரும் பச்சைப் பூதம் கிரீப்பரின் படத்தை ஒட்டியும் பலனில்லை என்று எழுதியிருந்தாய். படம் ஒட்டுவது மாத்திரைக்கு மேல் வெல்லம் தடவுகிற மாதிரி. வெல்லத்தை நக்கிவிட்டு மாத்திரையைத் துப்பிவிடுவான். விளையாட்டின் விதியையே பாடத்துக்குள் கொண்டு வா.

கணக்கு நோட்டில் 8க்கு 8 கட்டம் போட்டு கிரீப்பர் முகத்திலிருந்து ஆரம்பி. முதல் இரண்டு வரி முழுக்கப் பச்சை. 3, 4ஆம் வரிகளில் 2, 3, 6, 7ஆம் கட்டங்கள் கறுப்பு, அவை கண்கள். 5ஆம் வரியில் 4, 5. அடுத்த இரண்டு வரிகளில் 3 முதல் 6 வரை. கடைசி வரியில் 3, 6 மட்டும். கறுப்பு 20, பச்சை 44 வர வேண்டும். நீ வரைந்து காட்டாதே, எண்ணை மட்டும் வாயால் சொல். தப்பினால் முகம் கோணும், எங்கே தப்பென்று அவனே தேடுவான். (விளையாட்டை உருவாக்கியவர் பன்றி உருவத்துக்கு நீளத்தையும் உயரத்தையும் மாற்றிப் போட்டதில் பிறந்ததுதான் கிரீப்பர். அதையும் சொல்லிவை, அளவுப் பாடத்துக்கு உதவும்.)

இனி உயிர்மெய். விளையாட்டில் 8 பலகையை நடுக்கட்டம் காலியாக விட்டு அடுக்கினால் பெட்டி வரும் என்பது அவனுக்கு அத்துப்படி. க் + ஆ = கா என்பதும் அதே வேலைதான். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை 3 செ.மீ. சதுரங்களாக வெட்டு. சார்ட் பேப்பர் கடலூர் ஈரக்காற்றில் சுருண்டுகொள்ளும். உயிர் அட்டை 12, மெய்யில் க், ப், ம் மட்டும். பதினெட்டையும் முதல் நாளே கொட்டினால் மிரள்வான். மூன்று மெய்க்கு உயிர்மெய் 36. விளையாட்டில் அவன் பையிலுள்ள இடமும் 36தான், 9 கட்டத்தில் 4 வரி. அதே போல ஒரு பை வரைந்து கொடு, சேர்த்த எழுத்தையெல்லாம் எழுதி நிரப்பட்டும். ஆறு பை நிரம்பினால் 216ம் முடிந்தது.

சிக்கல் இரண்டு இடத்தில் வரும். கெ, கை வரிசையில் கொம்பு முன்னால் நிற்பதைப் பார்த்து உயிர் அட்டையை முதலில் வைப்பான். “க்... எ... கெ” என்று இழுத்துச் சொல்ல வை, காது திருத்திவிடும். உ, ஊ வரிசையில் கு ஒரு மாதிரி வளையும், பு வேறு மாதிரி இறங்கும். அதனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள். தினம் கால் மணி நேரம் போதும். தப்புக்கு ஃபோனைப் பிடுங்காதே, அப்புறம் அட்டையைக் கண்டாலே ஓடுவான்.

கிரீப்பருக்குப் பூனை என்றால் பயம். மூன்றாவது வாரம் ன் அட்டையையும் சேர்த்துக் கொடுத்து, பூனை செய்து கிரீப்பரைத் துரத்தச் சொல். ப் + ஊ, ன் + ஐ: அவன் தடுக்கி விழும் இரண்டு இடமும் அந்த ஒரே சொல்லில் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா