73 கிலோவில் நிற்க

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. எட்டு மாதத்தில் 84 கிலோவிலிருந்து 73-க்கு வந்துவிட்டதாக நீ அனுப்பிய படத்தைப் பார்த்தோம். முகம் வாடவில்லை, அதிலேயே எனக்குப் பாதி நிம்மதி. "இனிமே 16:8-ஐ விட்டுடலாமா, இல்ல ஆயுசுக்கும் இப்படியேதானா?" என்று, 16 மணி நேரம் பட்டினி, 8 மணி நேரத்துக்குள் சாப்பாடு என்கிற அந்த விரதத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் போடுகிற கேள்வி இல்லை இது. விடவும் வேண்டாம், இப்படியே இழுக்கவும் வேண்டாம். எடை குறைப்பது ஒரு வேலை, குறைந்த எடையில் நிற்பது வேறு வேலை. முதல் வேலைக்கு வைத்த சட்டத்தையே இரண்டாவதற்கும் வைப்பதால்தான் பலர் ஒன்றரை வருடத்தில் பழைய பேன்ட்டைத் தேடுகிறார்கள்.

84 கிலோ உடம்புக்கு ஆன செலவு 73 கிலோவுக்கு ஆகாது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த கெவின் ஹால் போட்ட கணக்குப்படி, குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி இறங்கும். பசியோ கிலோவுக்கு நாளுக்குச் சுமார் 100 கலோரி ஏறும். உன் 11 கிலோவுக்குச் செலவில் மட்டும் 220 முதல் 330 வரை இறக்கம். பசி ஏறுவது உன் மன உறுதி குறைந்ததால் இல்லை. 2011-ல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் வெளியிட்டதில், 10 வாரம் கடும் பத்தியத்தில் எடை குறைத்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதனால் முதல் ஒரு வருடம் உன் பசி சொல்வதை முழுசாக நம்பாதே, அளவை நம்பு.

அந்த 300 கலோரி எவ்வளவு என்று கேட்டால், மூன்று காபி. டபரா செட்டில் ஒரு காபிக்கு 100 மில்லி பால், 65 கலோரி. இரண்டு ஸ்பூன் சர்க்கரை 40. உன் ஆபீஸில் காபி மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாய் என்பதால் சொல்கிறேன்.

கடிகாரத்தின் மேல் உனக்கு இருக்கும் பக்தியையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். சீனாவில் குவாங்சோ நகரில் 139 பேரை ஒரு வருடம் பார்த்த ஆய்வு 2022-ல் வந்தது. எல்லோருக்கும் ஒரே கலோரிக் கட்டுப்பாடு. ஒரு பிரிவுக்கு மட்டும் காலை 8 முதல் மாலை 4-க்குள் சாப்பிட வேண்டும் என்ற விதி. நேரம் கட்டியவர்கள் சராசரியாக 8 கிலோ, கட்டாதவர்கள் 6.3 கிலோ குறைந்தார்கள். புள்ளிவிவரப்படி அது தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம்தான். இன்னொன்றும் கேள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து அதை ஒரு வருடமாவது காத்தவர்களுக்கென்று அமெரிக்காவில் 1994-ல் தொடங்கிய பதிவேடு ஒன்று இருக்கிறது. அதில் நாலில் மூன்று பேருக்கு மேல் தினமும் காலை டிபன் சாப்பிடுகிறவர்கள்! பெரும்பாலோர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள், நாளுக்கு ஒரு மணி நேரம் உடம்பை அசைக்கிறார்கள். செல் தன் பழைய பாகங்களைத் தானே தின்று புதுப்பிக்கும் 'ஆட்டோபேஜி' பற்றி நீ அனுப்பிய வீடியோவையும் பார்த்தேன். அதை ஆராய்ந்த ஜப்பானிய விஞ்ஞானி ஓசுமிக்கு 2016-ல் நோபல் கிடைத்தது உண்மை, ஆனால் அவர் வேலை செய்தது ஈஸ்ட் செல்களில். 16 மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டால் புற்றுநோய் கரையும் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

அப்படியென்றால் நேரக் கட்டுப்பாடு எதற்கு? ராத்திரி 9 மணிக்கு மேல் மிக்சர் டப்பாவைத் திறக்காமல் இருக்க. அதற்கு அது நல்ல சட்டம், ஒவ்வொரு தடவையும் மனதோடு பேரம் பேச வேண்டியதில்லை. ஆனால் சாப்பிடும் நேரத்துக்குள் என்ன போகிறது என்று அது கணக்குக் கேட்காது. கிருத்திகைக்கு ஒருபொழுது என்று சொல்லிவிட்டு ராத்திரி பலகாரமாக எட்டு இட்லி சாப்பிடுகிறவர்களை நம் தெருவிலேயே உனக்குத் தெரியும்.

இனி நீ செய்ய வேண்டியது. 16:8-லிருந்து 14:10-க்கு வா. காலை 9 முதல் மாலை 7 என்பது இன்னும் நல்லது, சீக்கிரம் சாப்பிட்டு முடித்தால் சர்க்கரையை உடம்பு நன்றாகக் கையாளும். ஆனால் பெங்களூர் டிராஃபிக்கில் 7 மணிக்கு நீ வீட்டில் இருக்கப் போவதில்லை. அதனால் 10 முதல் 8. காலை டிபனை டப்பாவில் எடுத்துப் போ. 11 மணிக்குப் படுத்தால் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே மூன்று மணி நேரம் இருக்கும், நெஞ்செரிச்சல் வராது. சனி, ஞாயிறில் 12 மணி நேர இடைவெளி போதும். நண்பன் வீட்டு ராத்திரி விருந்துக்குப் போக முடியாத சட்டம் ஆறு மாதம் தாங்காது.

எட்டு மாதத்தில் 11 கிலோ என்றால் சராசரியாக நாளுக்கு 350 கலோரி பற்றாக்குறையில் இருந்திருக்கிறாய். அதை ஒரே நாளில் திருப்பிப் போடாதே. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 100 கலோரி கூட்டு. நடுத்தர இட்லி இரண்டு, அல்லது வடித்த சோறு 75 கிராம். மூன்று படியில் 300 வரும். எந்தப் படியில் எடை இறங்காமல் நிற்கிறதோ அங்கேயே நிறுத்திவிடு. முதல் வாரம் ஒரு கிலோ ஏறினால் பயப்படாதே. உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கும்போது கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்தே வைக்கும்.

சாப்பிடாத நேரத்தில் தண்ணீர், பால் சேர்க்காத காபி, வெறும் டீ, சீரகத் தண்ணீர். தேன் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் விரதத்தில் சேராது, தேனும் சர்க்கரைதான். காலையில் எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது என்றாயே, அது பெரும்பாலும் உப்பும் தண்ணீரும் போதாததால் வருவது. சாப்பிடாதபோது இன்சுலின் இறங்கும், அப்போது சிறுநீரகம் உப்பை வெளியே விடும், தண்ணீரும் கூடவே போகும். நாளுக்கு இரண்டரை லிட்டர் குடி. மதியம் ஒரு டம்ளர் மோரில் கல் உப்பு ஒரு சிட்டிகை போட்டுக்கொள். அப்படியும் இரண்டு வாரம் சுற்றினால் பிபி பார்.

சாப்பாட்டில் நான் கறாராக இருப்பது ஒன்றில்தான், புரதம். உன் எடைக்குக் கிலோவுக்கு 1.2 கிராம், அதாவது நாளுக்கு 88 கிராம். சாதாரண ஆளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்வது 0.83. எடை குறைத்தவனுக்குத் தசையைக் காக்க அதற்கு மேல் வேண்டும். 10 மணிக்கு மூன்று இட்லி, கெட்டி சாம்பார், அவித்த முட்டை மூன்று: 28 கிராம். மதியம் 60 கிராம் அரிசியை வடித்த சோறு, ஒரு கரண்டி பருப்பு, சுத்தம் செய்த மீன் 150 கிராம், கீரைப் பொரியல், ஒரு கப் தயிர்: 43 கிராம் வரும். சாயங்காலம் அவித்த கொண்டைக்கடலை ஒரு கப்: 13. ராத்திரிக்கு இரண்டு சப்பாத்தி, கூட்டு என்று இலேசாக முடித்தாலும் கணக்கு தாண்டிவிடும். பெங்களூரில் வஞ்சிரம் தேடி அலையாதே. மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி மூன்றிலும் புரதம் அதற்குக் குறைவில்லை, விலை பாதிகூட இருக்காது. தட்டில் முதலில் பொரியலையும் மீனையும் சாப்பிடு, சோறு பிறகு. சர்க்கரை மெதுவாக ஏறும், வயிறும் சீக்கிரம் நிறையும். அரிசியைக் கண் அளவில் போடாதே, சமையல் தராசு ஒன்று வாங்கு. ஒரு மாதம் அளந்தால் கைக்குக் கணக்கு வந்துவிடும்.

நான் கூரியரில் அனுப்பிய பண்ருட்டி முந்திரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது 320 ரகம். ஒரு பவுண்டுக்கு 320 பருப்பு வரும் என்பதால் அந்தப் பெயர். ஒரு பருப்பு ஏறக்குறைய 1.4 கிராம், 8 கலோரி. கம்ப்யூட்டர் பக்கத்தில் டப்பாவை வைத்துக்கொண்டு கை போனபோதெல்லாம் எடுத்தால் 40 பருப்பு போவது தெரியாது, 300 கலோரிக்கு மேல். 16 மணி நேரம் வாயைக் கட்டியதெல்லாம் அங்கே போய்விடும். பத்துப் பருப்பை எண்ணிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு டப்பாவை அலமாரியில் வை. எண்ணெயும் அப்படித்தான். செக்கு எண்ணெய் என்றால் கொழுக்காது என்று நினைக்கிறவர்கள் நிறைய. செக்கோ ரீபைண்டோ கிராமுக்கு 9 கலோரிதான். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்துக்கொள், பாட்டிலில் தேதி எழுதி ஒட்டு.

தசை விஷயம் சாதாரணமில்லை. 2020-ல் கலிபோர்னியாவில் 116 பேரை 12 வாரம் பார்த்த 16:8 ஆய்வில், இழந்த எடையில் தசை சார்ந்த பங்கு கவலைப்படும் அளவுக்கு இருந்தது. வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கு. ஜிம் வேண்டாம் என்றால் தண்டால், பஸ்கி, தண்ணீர் கேன். ஒவ்வொன்றிலும் இன்னும் இரண்டுக்கு மேல் முடியாது என்கிற அளவுக்குப் போனால்தான் பலன். நடை வாரம் 200 முதல் 300 நிமிடம். எடையைக் குறைக்க 150 போதும் என்பார்கள், காப்பதற்குக் கூடுதலாகவே வேண்டும்.

அதிகம் கெடுவது வாரக்கடைசியில்தான். நண்பர்களோடு பாண்டிக்கு வந்தால் ஒரு பெரிய பீர் பாட்டில் சுமார் 270 கலோரி, ஒரு பரோட்டா ஏறக்குறைய 250. இரண்டு பாட்டில், மூன்று பரோட்டா, சால்னா என்று கூட்டிப் பார், ஐந்து நாள் சேர்த்ததைக் காணோம். நான் குடிக்காதே என்று மட்டும் சொல்ல எழுதவில்லை, உனக்கே தெரியும். மறுநாள் குற்ற உணர்ச்சியில் 24 மணி, 36 மணி என்று பட்டினி கிடக்காதே, அதைத்தான் சொல்கிறேன். அன்று ராத்திரி பசி வெறியாகத் திரும்பும், திரும்பவும் அள்ளிச் சாப்பிடுவாய், திரும்பவும் பட்டினி. அந்தச் சுழலில் சிக்கினவர்களை வெளியே எடுப்பது எடை குறைப்பதைவிடக் கஷ்டம். போதாததற்கு, நீண்ட நேரம் வயிறு காலியாக இருந்தால் பித்தப்பை சுருங்காமல் பித்தம் தேங்கும், கல் உண்டாக வழியாகும். விருந்துக்கு மறுநாள் வழக்கமான 10 மணிக்கு வழக்கமான டிபன். அவ்வளவுதான்.

எடை மெஷினைத் தரையில், டைல்ஸ் மேல், ஒரே இடத்தில் வை. காலையில் கக்கூஸ் போய்வந்து, தண்ணீர் குடிக்கும் முன் ஏறு. ஒரு நாள் காட்டும் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதே. ஏழு நாளின் சராசரியைப் போன வார சராசரியோடு பார். தீபாவளி முடிந்து ஒன்றரை கிலோ கூடினால் கொழுப்பு என்று நினைக்காதே. ஒன்றரை கிலோ கொழுப்பு ஏற 11,500 கலோரி மிகுதியாகத் தின்றிருக்க வேண்டும், இரண்டு நாளில் நீ அவ்வளவு தின்றிருக்க மாட்டாய். உப்பும் தண்ணீரும் நாலைந்து நாளில் இறங்கிவிடும். சராசரி 75-ஐத் தொட்டு இரண்டு வாரம் அங்கேயே இருந்தால் மட்டும் நடவடிக்கை. முதலில் காபியில் சர்க்கரையை நிறுத்து, அரிசியைத் திரும்ப அளந்து போடு, நாலு வாரத்துக்கு 16:8-க்குப் போ. 73-க்கு வந்ததும் மறுபடி 14:10. மாதம் ஒருமுறை இடுப்பையும் அள. பெல்ட் கட்டும் இடத்தில் இல்லை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவில், மூச்சை விட்டபின். நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உன் 172 சென்டிமீட்டர் உயரத்துக்கு இந்தியர்களுக்கான பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) வரம்பு 22.9 என்றால் 68 கிலோ வரும். அங்கே போக இப்போது அவசரம் வேண்டாம். ஆறு மாதம் 73-ல் நின்று காட்டு, பிறகு பேசலாம்.

உன்னைப் பார்த்துச் சித்தப்பாவும் 16:8 ஆரம்பிக்கப் போகிறாராம். நீ போனில் உற்சாகப்படுத்தாதே. சர்க்கரை நோய்க்கு அவர் போடும் கிளிமிபிரைடு மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். காலையில் மாத்திரையைப் போட்டு மதியம் வரை பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் அதே ஆபத்து. டாபாகிளிபுளோசின் வகை சர்க்கரை மாத்திரை என்றால் இன்னொரு ஆபத்து, சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறலாம். டாக்டரிடம் மாத்திரையையும் நேரத்தையும் மாற்றி எழுதி வாங்காமல் அவர் தொடங்கக் கூடாது. கர்ப்பமாக இருக்கும் உன் தங்கைக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

மே மாதம் லீவுக்கு வருகிறாய் அல்லவா, அப்போது மீன்பிடித் தடைக்காலம் நடுவில் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, முதுநகர் துறைமுகத்தில் நாட்டுப் படகு மீன் மட்டும்தான், விலையும் கொதிக்கும். அதனால் முட்டையும் பாசிப்பயறும் அதிகம் வாங்கி வைக்கிறேன். பலாப்பழம் வீட்டில் இருக்கும். ஐந்து சுளை நூறு கலோரிச் சொச்சம், சாயங்காலச் சுண்டலுக்குப் பதில் தின்னலாம். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் சில்வர் பீச்சில் ஒரு மணி நேரம் நட, கால் புதையும் காய்ந்த மணலில் வேண்டாம், கணுக்கால் வலிக்கும். இங்கே இருக்கும் பத்து நாளும் எடை பார்க்காதே. பெங்களூர் போய் ஐந்தாம் நாள் காலையில் பார்த்து, சராசரியை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா
மஞ்சக்குப்பம், கடலூர்