பூக்கணக்கு எங்களுக்கு எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்வி, வேலைவாய்ப்புப் பக்கங்களில் டேட்டா சயின்ஸ் பற்றி வாராவாரம் ஏதாவது வந்துகொண்டுதான் இருக்கிறது. எல்லாமே இன்ஜினியரிங் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியவை. ஓஎம்ஆர் கம்பெனிகளில் யூஎக்ஸ் ரிசர்ச் என்றும் ஒரு வேலை இருக்கிறது. ஒரு ஆப்பை ஜனங்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள், எந்த இடத்தில் முழிக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, பேட்டி எடுத்து, சர்வே நடத்திச் சொல்வது. எனக்கும் அதுதான் பிழைப்பு. எங்களில் பலர் உளவியல், சமூகவியல், விஸ்காம் படித்துவிட்டு வந்தவர்கள். பத்துப் பேரிடம் பேசுகிற வரைக்கும் ஒரு நோட்டு போதும். ஆயிரக்கணக்கில் சர்வே பதில்கள் வந்து விழும்போதுதான் எக்செல்லில் விழி பிதுங்குகிறது. சரி, பைத்தான் என்கிற புரோகிராமிங் மொழியைக் கற்றுக்கொள்ளலாம் என்று வகுப்பில் சேர்ந்தால், பாதிப் பேர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். கணக்கு வராது என்பதால் இல்லை. சொல்லிக்கொடுக்கிற கணக்கு எங்களுடையதாக இல்லை.

முதலில் பகா எண், அப்புறம் ஃபிபனாச்சி. அதைத் தாண்டினால் ஐரிஸ் பூ, அதாவது 1936-ல் புள்ளியியல் அறிஞர் ஃபிஷரின் கட்டுரையில் வந்த 150 பூக்களின் இதழ் அளவுகள். புள்ளியியல் மாணவருக்கு அது அருமையான பாடம். திங்கட்கிழமை காலை மேனேஜருக்கு சர்வே முடிவு காட்ட வேண்டியவருக்குப் பூவை வைத்து என்ன செய்ய?

எங்கள் கையில் நாள்தோறும் புழங்குகிற எஸ்யூஎஸ் படிவத்தையே, அதாவது ஒரு ஆப் பயன்படுத்த எவ்வளவு எளிது என்று கேட்டு மதிப்பெண் போடுகிற கேள்வித்தாளையே, முதல் பாடமாக வைக்கலாமே. 1986-ல் ஜான் புரூக் உருவாக்கியது. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை பதில். ஒற்றைப்படைக் கேள்வி என்றால் பதிலில் 1 கழிக்க வேண்டும், இரட்டைப்படை என்றால் 5-லிருந்து பதிலைக் கழிக்க வேண்டும், எல்லாவற்றையும் கூட்டி 2.5-ஆல் பெருக்கினால் 100-க்கு மதிப்பெண். லூப், இஃப், ஃபங்ஷன் என்று புரோகிராமிங்கின் அடிப்படைகள் மூன்றும் இதற்குள்ளேயே வந்துவிடுகின்றன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கேள்வியைப் படிக்காமல் மேலிருந்து கீழே எல்லாவற்றுக்கும் 5 போட்டவருக்கும் 50 வரும், எல்லாவற்றுக்கும் 3 போட்டவருக்கும் அதே 50தான். சராசரியை மட்டும் பார்த்தால் இந்த ஆட்கள் தெரியவே மாட்டார்கள். இவர்களைத் தனியாகப் பிரித்தெடுக்க இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள், வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

தமிழில் சர்வே எடுக்கிறவர்களுக்கு இன்னொரு தலைவலி. 'எந்த ஏரியா?' என்று கேட்டு, பைத்தானில் அட்டவணைகளைக் கையாள உதவுகிற பாண்டாஸில் எண்ணிப் பார்த்தால் கொளத்தூர் இரண்டு வரிசையில் வரும், கொரட்டூரும் அப்படியே. கண்ணுக்கு ஒரே எழுத்துதான். ஆனால் எழுத்துகளுக்குக் கணினி வைத்திருக்கிற குறியீட்டு முறையான யூனிகோடில் 'கொ'வின் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாகவும் இருக்கலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டு குறியீடுகளாகவும் இருக்கலாம். கணினி இரண்டையும் வேறு வேறு ஊர் என்றே எடுத்துக்கொள்ளும். பைத்தானிலேயே உள்ள யூனிகோட்டேட்டா நார்மலைஸ் என்கிற ஃபங்ஷனை ஒரு தடவை ஓட்டினால் சரியாகிவிடும். அது தெரியாமல் ராத்திரி முழுக்கக் கையால் திருத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டுப் பாடத்தை அப்படியே எடுத்து நடத்துகிற வகுப்பில் இது எங்கே வரப்போகிறது?

புள்ளியியலிலும் இதே கதைதான். எடுத்த எடுப்பில் மெஷின் லேர்னிங்குக்குப் பாய்கிறார்கள். எங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது சின்ன எண்ணிக்கை எவ்வளவு ஏமாற்றும் என்பதுதான். ஐந்து பேருக்கு டிக்கெட் புக் செய்யக் கொடுத்தோம், ஐந்து பேரும் முடித்துவிட்டார்கள் என்று 100 சதவீதம் என ஸ்லைடில் போடுகிறோம். 95 சதவீத நம்பிக்கை இடைவெளியை, அதாவது உண்மையான சதவீதம் எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்கிற மதிப்பீட்டை, துல்லிய முறையில் கணக்கிட்டால், அதன் கீழ் எல்லை 48 சதவீதத்துக்கு அருகில் வந்து நிற்கும். இதைப் பார்த்த பிறகு ஸ்லைடு போட யாருக்கும் கை கொஞ்சம் தயங்கும். தயங்கட்டும்.

ஐஐடி மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பில் இன்ஜினியரிங் படிக்காதவர்களும் சேரலாம், நல்ல விஷயம். ஆனால் அது வருடக்கணக்கில் போகிற படிப்பு. வேலையில் இருப்பவருக்குச் சில சனிக்கிழமைகளில் முடிகிற மாதிரி, அவரவர் சொந்த ஃபைலை வைத்தே நடக்கிற வகுப்புதான் வேண்டும். தரமணி, சோழிங்கநல்லூர் பக்கம் பயிற்சி மையம் நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் யோசிக்கட்டும். உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்திலும் இதைப் பற்றி ஒரு தடவை எழுதலாம்.

ஒன்று மட்டும். சொந்த ஃபைல் என்றவுடன் பேட்டி கொடுத்தவர்களின் பெயர், போன் நம்பரோடு அப்படியே பைத்தான் எழுதி ஓட்டுகிற இலவச ஆன்லைன் நோட்புக்கில் ஏற்றிவிடக் கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-லேயே சட்டம் வந்துவிட்டது. பெயரை எடுத்துவிட்டு எண் போடுவதையும் முதல் வகுப்பிலேயே, எஸ்யூஎஸ் கணக்குக்கு முன்னாலேயே, சொல்லிக்கொடுத்துவிடலாம். பைத்தானில் அதுவும் நாலைந்து வரிதான்.

இப்படிக்கு,
யூஎக்ஸ் ரிசர்ச் வாசகர் ஒருவர்,
பெருங்குடி, சென்னை.