ரீச்சரின் பெயருக்கு முன்னால்

கொழும்பில் விழா எடுக்கும் தமிழ்ச் சங்கங்களின் செயலாளர்களுக்கு,

வணக்கம். கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் அழைப்பிதழ் வடிவமைக்கிறேன். உங்களில் சிலருடைய காட் என் கையால் போயிருக்கும்.

போன மாதம் ஒரு ரீச்சரின் சேவைநலன் பாராட்டு விழாவுக்குக் காட் அடிக்கக் கொடுத்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்தவர். பிரதம விருந்தினர் பெயருக்கு முன்னால் 'பெருமதிப்புக்குரிய மாண்புமிகு கௌரவ' என்று மூன்று சொல். அதற்கு அடியில் ரீச்சரின் பெயருக்கு முன்னால் வெறும் 'திருமதி'. இடம் போதவில்லை என்றேன். "ரீச்சரின் எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்குங்கள்" என்றார்கள். 14 பொயின்டில் இருந்த பெயரை 10க்கு இறக்கினேன். இன்னும் மனம் ஆறவில்லை.

அந்த மூன்று சொல்லும் ஒன்றல்ல. 'கௌரவ' என்பது நம் நாட்டில் அமைச்சருக்கும் பாராளுமன்ற உறுப்பினருக்கும் பதவியோடு வருவது. சரி, அவர்களுக்குப் போடுங்கள். ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? 'குரு' என்ற வடசொல்லிலிருந்து. குரு என்றால் பாரமானது. படிப்பிப்பவரையும் அதே சொல்லால்தான் அழைத்தார்கள். அப்படிப் பார்த்தால் அன்றைய மேடையில் அதற்கு முதல் உரிமை ரீச்சருக்குத்தான்.

'மாண்பு' ஆளுக்குள்ளேயே இருக்கும் சிறப்பு. 51ஆம் குறளில் வள்ளுவர் 'மனைத்தக்க மாண்புடையள்' என்று அதை வீட்டை நடத்தும் பெண்ணுக்குக் கொடுக்கிறார்.

எனக்கு மிகப் பிடித்தது 'மதிப்புக்குரிய'. செட்டியார் தெருவில் நகையைக் கையில் வாங்கி, உரைத்து, நிறுத்து, மதிப்புச் சொல்கிறார்களே, அந்த மதிப்புத்தான். மதிப்பவர் ஒருவர் இருந்தால்தான் இந்தச் சொல்லுக்குப் பொருள். பதவி இதைத் தராது, நீங்கள்தான் தர வேண்டும். ஒருவரைப் பல வருடம் பார்த்துப் பழகி, 'இவர் பெரியவர்' என்று உங்கள் மனமே சொன்ன பிறகு எழுத வேண்டிய சொல் அது. முன்பின் பழகாத விருந்தினருக்கு அதை 'பெரு' சேர்த்து எழுதிவிட்டு, உங்களுக்கு எழுத்தறிவித்தவரை விட்டுவிடலாமா?

அடுத்த காட்டில் ஆளுக்கு ஒரு சொல் போதும். விருந்தினர் வரியில் இரண்டை எடுத்தால், 'மதிப்புக்குரிய' என்று சேர்த்த பிறகும் ரீச்சரின் பெயர் 14 பொயின்டிலேயே நிற்கும். புரூபில் போட்டுக் காட்டுகிறேன், வந்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் காட் அடிக்கும் தம்பி