தலைக்கு மேல் ஒரு டன்

ஆசிரியருக்கு,

வேளச்சேரியில் எங்கள் தெருவில் எழும்பும் அடுக்குமாடிக்குக் கிரேன் கம்பிக்கட்டுகளைத் தூக்குகிறது. கீழே பள்ளிப் பிள்ளைகள் நடக்கிறார்கள். தடுத்து நிறுத்த ஆளில்லை. சுமை தாங்கும் நைலான் பட்டையின் ஓரம் கிழிந்திருக்கிறது. அந்த இடத்தில் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்! முடிச்சு விழுந்தால் பட்டையின் வலு பெரிதும் குறைந்துவிடும். அதை வெட்டித்தான் குப்பையில் போடவேண்டும். முழுதாக எறிந்தால் மறுநாள் யாராவது எடுத்துக் கட்டிவிடுவார்கள்.

கோணத்தையும் யாரும் பார்ப்பதில்லை. ஒரு டன் சுமையை இரண்டு பட்டைகள் செங்குத்தாகத் தூக்கினால் ஒவ்வொன்றிலும் அரை டன் இழுவிசை. அதே பட்டைகள் விரிந்து, கிடைமட்டத்துக்கு 30 டிகிரியில் சாய்ந்தால் ஒவ்வொன்றும் ஒரு டன் இழுவிசையைத் தாங்கவேண்டும். கிரேன் புதிதாக இருந்து என்ன பயன்?

தூக்குக் கருவிகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் சோதிக்கவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே எழுதிவைத்தது. கம்பிவடம் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் சென்னைக்கு அது போதாது என்பேன். தொழிலகப் பாதுகாப்பு, சுகாதார இயக்ககத்தினர் மழைக்காலத்துக்கு முன்பே கட்டுமான இடங்களுக்குச் சென்று கொக்கி, வடம், பட்டைகளைப் பார்வையிட வேண்டும். சோதனைத் தேதியை வாயிலில் பலகையாக மாட்டவும் உத்தரவிடட்டும்.

- ஓய்வுபெற்ற ஃபோர்மேன், வேளச்சேரி, சென்னை